காளியம்மா சொன்னதில் பாதி

மலாக்காவிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் விட அனுமதி கேட்டு செலாட் பாயு நிறுவனம் கொடுத்த முதல் மனு திரும்பி வந்தபோது, பாச்சாங்கில் இருந்த அதன் அலுவலகத்தில் எல்லோரையும்விட அதிகமாக மனமுடைந்தவள் தேவிஸ்ரீ. மனுவை எழுதியவள் அவள்தான். எத்தனை பேர் போவார்கள், எந்த மாதத்தில் கூட்டம் இருக்கும், எவ்வளவு பெரிய விமானம் மலாக்காவின் பத்து பெரெண்டாம் விமான நிலையத்து ஓடுபாதையில் இறங்கும் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். புத்ராஜெயாவில் அதைப் படித்த அரசாங்க அதிகாரிகள் கேட்டது ஒரே கேள்வி. கோலாலம்பூரிலிருந்து தினமும் திருச்சிக்கு விமானம் போகிறது. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊருக்குத் தனியாக ஒன்று எதற்கு? இரண்டு நாடுகளும் பேசிவைத்த ஒப்பந்தத்தில் மீதியிருக்கும் இருக்கைகளே கொஞ்சம். அவற்றை மற்ற நிறுவனங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. உங்களுக்குக் கொடுத்தால் மக்களுக்கு என்ன லாபம்?

தேவிஸ்ரீக்கு அந்தக் கேள்வி தன்னைப் பார்த்தே கேட்டதுபோல இருந்தது. அவள் மலாக்காவில் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா ராஜம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. படிப்பு முடிந்ததும் கோலாலம்பூரின் சிப்பாங் விமான நிலையத்தில் டிக்கெட் சோதிக்கும் கவுண்டரில் நின்றாள். சக்கர நாற்காலியில் வரும் கிழவர்களையும், விடியலுக்கு முன்பே வேன் பிடித்து வந்து தரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் தோட்டத்து ஆட்களையும் அங்கே ஆறேழு வருடம் பார்த்திருந்தாள். செலாட் பாயு என்று ஒரு சின்ன நிறுவனம் மலாக்காவிலேயே தொடங்கி, ஊருக்கு ஊர் பறக்கிற இரண்டு மூன்று விமானங்களோடு ஆள் எடுத்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் சேர்ந்தாள். திருச்சி விமானம் அவளுடைய யோசனை. மேலாளர் யுவனேஸ்வரனிடம் அதைச் சொல்லிச் சொல்லி நம்ப வைத்தவளும் அவள்தான்.

"நம்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு, தேவி," என்றார் யுவனேஸ்வரன். கோலாலம்பூர்க்காரர், பொறுமையான மனிதர். "ஆனா நம்பரைப் பாத்து யாருக்கும் நெஞ்சு இளகாது. ரெண்டாவது தடவை நேர்ல கூப்பிட்டுக் கேக்கப்போறாங்க. அப்ப ஒரு ஆளைக் காட்டணும். இந்த விமானம் யாருக்கு வேணுமோ அந்த ஆளை. ரெண்டு நிமிசம் வீடியோ இருந்தா போதும்."

அவர் பேசி முடிப்பதற்குள் தேவிஸ்ரீக்குக் காளியம்மாவின் முகம் வந்துவிட்டது.

காளியம்மா தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். ராஜம்மா வேலைக்குப் போன நாட்களில் தேவிஸ்ரீ அவள் இடுப்பில்தான் வளர்ந்தாள். காளியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தை மூடிவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பியபோது மெர்லிமாவில் மலிவுவிலை வீடு ஒன்றில் குடியேறி, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வடைக்கடை போட்டாள். எழுபதைத் தாண்டியும் கடையை விடவில்லை. முட்டி மட்டும் போய்விட்டது. கடைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே வடை சுடுவாள். திருச்சிப் பக்கத்தில் அவளுக்கு மாயாண்டி என்று ஒரு தம்பி இருந்ததும், வாரம் ஒருமுறை அவரோடு போனில் முகம் பார்த்துப் பேசுவதும் தெருவுக்கே தெரியும். அந்த நேரத்தில் வடை கேட்டு யார் வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிறு மதியம் தேவிஸ்ரீ கேமராவோடு போனாள்.

"படமா புடிக்கப் போற? மூஞ்சி கழுவிட்டு வந்துர்றேன், இரு," என்று காளியம்மா எழுந்தாள். நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "என்னா சொல்லணும்?"

"மனசில இருக்கிறதைச் சொல்லுங்க அத்தை. உங்க அப்பா அம்மா எப்படி ஊருக்குப் போனாங்க, தம்பி எப்படிப் போனாரு, அதெல்லாம்."

காளியம்மா தொடக்கத்தில் சிரித்துக்கொண்டுதான் பேசினாள். "எங்கம்மா அப்பாவுக்குச் செவப்பு ஐ.சி., பிரஜை இல்லாதவங்களுக்குக் குடுக்கற அட்ட. பெர்மிட் இல்லாதவனுக்கு வேல இல்லேன்னு சொல்லிட்டாங்க அந்த வருசம். தோட்டத்தில பாதிப் பேரு மூட்ட கட்டுனாங்க. எனக்கு அப்பத்தான் கல்யாணம் ஆயிருந்திச்சி. வீட்டுக்காரரு இங்கத்துப் பிரஜை. அதனால நான் நின்னுட்டேன். கிள்ளான் வரைக்கும் போயி கப்பல் ஏத்திவிட்டேன். தம்பிக்கு ஒம்பது வயசு. என் சேலையப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேன்னுட்டான். எங்கப்பாதான் அவன் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சி எடுத்தாரு."

அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா செத்ததுக்குத் தந்தி அடிச்சாங்க. அது என் கைக்கு வந்தப்ப கருமாதியே முடிஞ்சிபோச்சி. எனக்குப் பிரஜைங்களுக்கான நீல ஐ.சி. கெடைச்சதே தல நரைச்சப்புறம்தான், பாஸ்போட்டுக்கு எங்க போறது? அன்னிக்குக் கப்பல் ஏறிப் போனவங்கதான். ஒருத்தர் திரும்பி வரல. கூடப் பொறந்தவன், அவன்கூட ஒரு தடவ வந்து, அக்கா, நீ உசுரோட இருக்கியான்னு எட்டிப் பாக்கல." சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போயிற்று.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள். "ஆனா அவனக் குத்தம் சொல்லப்படாது பாப்பா. ரெண்டு தடவ விசா கேட்டுப் பாத்தானாம், இல்லேன்னுட்டாங்களாம். அம்மாவோட காதுத் தோட்ட, தன் பொண்டாட்டி காதுல போடாம, ஆள் தேடிப் புடிச்சி எனக்கு அனுப்பிவச்சவன் அவன். அவன மாதிரி ஒரு தம்பி யாருக்குக் கெடைக்கும், சொல்லு."

பேச்சின் நடுவே வெளியே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு போயிருந்தன. தேவிஸ்ரீ காதில் கருவியை வைத்துக் கேட்டுப் பார்த்தாள். முக்கியமான இடத்தில்தான் அந்தச் சத்தம் விழுந்திருந்தது.

"அத்தை, மோட்டார் சத்தம் வந்துடுச்சி. அந்த... தம்பி எட்டிப் பாக்கலேன்னு சொன்னீங்க இல்ல, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா?"

காளியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். முதல் தடவை அழுகை தானாக வந்தது. இரண்டாம் தடவை, வளர்த்த பிள்ளையின் வேலை நன்றாக நடக்கட்டும் என்று அழுதாள். அந்த வித்தியாசம் தேவிஸ்ரீக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கேமராவை இன்னும் கொஞ்சம் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அதை இரண்டு நிமிடத்துக்குள் அடக்கும் வேலையையும் அவளே செய்தாள். ரப்பர் பால்மரங்கள் இருந்த இடத்தில் இப்போது நிற்கும் செம்பனை, தெரு, வடைக்கடை, சிரித்துக்கொண்டே சொன்ன கதை என்று வெட்டிக்கொண்டே வந்தாள். அப்படியும் நீளமாக இருந்தது. கடைசியில் மீதியிருந்தது தம்பியைக் குற்றம் சொல்லக் கூடாது என்ற பேச்சு. அது வந்ததும் அழுகை வடிந்து போய், பார்க்கிறவர்களுக்கு ஆறுதலாகிவிடுகிறது. விசா மறுத்தார்கள் என்கிறாள், அதை அரசாங்க ஆட்களுக்கு முன்னால் ஓட்டுவது நல்லதில்லை என்றும் ஒரு காரணம் கிடைத்தது. தேவிஸ்ரீ அந்தப் பேச்சை இன்னொரு முறை ஓட்டிக் கேட்டாள். பிறகு வெட்டினாள். அழுகையோடு திரை இருண்டது. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவளுக்கே பட்டது. பின்னால் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளை உறுத்தியது அதுதான்.

அத்தையிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று போன் செய்தாள். "நீ பாத்தா போதும் பாப்பா, எனக்கென்னா தெரியும் அதுல," என்றாள் காளியம்மா. தேவிஸ்ரீயும் வற்புறுத்தவில்லை.

புத்ராஜெயாவில் நீள மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், வயதான மலாய் அதிகாரி, வீடியோ முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார். பிறகு எண்களைப் பற்றிக் கேள்விகள் வந்தன. யுவனேஸ்வரன் பதில் சொன்னார். சில வாரங்களில் மலேசியப் பக்கத்து அனுமதி வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் இந்தியப் பக்கத்திலிருந்தும் சரி என்று பதில் வந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று விமானம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். யுவனேஸ்வரன் முதல் துண்டை தேவிஸ்ரீயிடம் கொடுத்தார். விளம்பரப் பிரிவு அந்த வீடியோவை எடுத்து, 'அரை நூற்றாண்டாக எட்டிப் பார்க்காத உறவு' என்று தமிழில் ஒரு தலைப்பு வைத்து முகநூலில் போட்டது. தலைப்பைப் பார்த்தபோது மாற்றச் சொல்ல வேண்டும் என்று தேவிஸ்ரீக்குத் தோன்றியது. ஆனால் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் பாராட்டினார்கள். அவளும் நன்றி சொல்லிக்கொண்டாள்.

அது மலேசியாவோடு நிற்கவில்லை. யார் யாரோ எடுத்துப் பகிர, பாட்டு சேர்க்க, கடல் தாண்டிப் போயிற்று.

ஒரு நாள் ராஜம்மா போன் செய்தாள். "காளி அக்கா கட போடல ரெண்டு வாரமா. நீ வந்து பாரு."

தேவிஸ்ரீ போனபோது காளியம்மா சமையலறையில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். போன் மேசைமேல் கிடந்தது.

"தம்பி பேசினான் பாப்பா. ஊருல எல்லாரும் அந்தப் படத்தப் பாத்துட்டாங்களாம். டீக்கடையில வச்சிக் கேக்கறாங்களாம், ஏன்யா மலேயாக்காரரே, பெத்த தாய் மாதிரி அக்கா, ஒரு தடவ போயி எட்டிப் பாக்கலையான்னு. சம்பந்தி வீட்டுல மூஞ்சி குடுத்துப் பேசலையாம். 'அக்கா, உன் மனசுல இதுதான் இருந்திச்சா இத்தன வருசமா'ன்னு கேட்டான். நான் அப்படிச் சொல்லலையே, உன்னப் பத்தி நல்லாத்தானே சொன்னேன்னேன். 'நான் என் காதால கேட்டேன்க்கா'ன்னு வச்சிட்டான். அப்புறம் எடுக்கவே மாட்டேங்கறான்." அவள் தேவிஸ்ரீயை நிமிர்ந்து பார்த்தாள். "நான் நல்லாத்தானே சொன்னேன்? காதுத் தோடு அனுப்பினதப் பத்தி சொன்னேனே. நீ பக்கத்துலதான இருந்த?"

"சொன்னீங்க அத்தை."

"அப்புறம் அது எங்க போச்சி?"

தேவிஸ்ரீயின் வாயில் வந்தது அவள் யோசித்து வைத்திருந்த பதில் இல்லை. "கோலாலம்பூர்லேருந்து வந்தவங்க வெட்டிட்டாங்க அத்தை. ரொம்ப நீளமா இருக்குன்னுட்டு. எனக்கே தெரியாது."

காளியம்மா மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள். "நான் நெனச்சேன். நீ அப்படிச் செய்யமாட்ட." எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டே போய், மைலோ கலக்கி எடுத்து வந்தாள். "குடி. உன் மேல கோவம் இல்ல. நீ என்னா செய்வ, வேலக்கிப் போற எடத்துல."

அந்த மைலோவைக் குடித்து முடிப்பது தேவிஸ்ரீக்குப் பெரும் பாடாக இருந்தது.

அதன்பின் அவள் செய்யாதது இல்லை. யுவனேஸ்வரனிடம் போய் வீடியோவை எடுக்கச் சொன்னாள். அவர் உடனே எடுக்கச் சொல்லிவிட்டார். "ஆனா நாம எடுத்து என்ன பிரயோசனம்? ஆளாளுக்கு வச்சிருக்காங்களே," என்றார். முழுப் பேச்சையும் அவளே தன் பக்கத்தில் போட்டாள். தெரிந்தவர்கள் சிலர் பார்த்தார்கள். அதை யாரும் பகிரவில்லை. காளியம்மாவிடம் மாயாண்டியின் எண்ணை வாங்கி அவருக்கும் அனுப்பினாள். அவர் திறந்தே பார்க்கவில்லை. முதல் விமானத்தில் முன்வரிசை இருக்கையைக் காளியம்மாவுக்கு என்று நிறுவனம் ஒதுக்கிவைத்தது. மாலை, மேளம், மாநில அரசாங்கத்து ஆட்கள் எல்லாம் வருவார்கள் என்று சொல்லிப் பார்த்தாள்.

"போனையே எடுக்காதவன் வீட்டு வாசல்ல மாலையப் போட்டுக்கிட்டுப் போயி நிக்கச் சொல்றியா?" என்றாள் காளியம்மா.

உறுமி மேளம் முழங்க முதல் விமானம் கிளம்பியது. காளியம்மாவின் இருக்கையில் ஒரு பத்திரிகைக்காரர் உட்கார்ந்து போனார். தேவிஸ்ரீ பின்வரிசையில் இருந்தாள். ஓடுபாதை கீழே நழுவி, வீடுகளும் செம்பனைக் காடும் கடலும் தெரிந்தபோது சுற்றிலும் கைதட்டினார்கள். இத்தனை வருடம் அவள் ஆசைப்பட்ட நேரம் அது. அவளுக்குக் கை எழவில்லை.

திருச்சியில் மற்றவர்கள் விருந்துக்குப் போன நேரத்தில் அவள் ஒரு கார் பிடித்தாள். முசிறியைத் தாண்டி வாழைத்தோப்புகளுக்கு நடுவே ஒரு கிராமம். மலேயாக்காரர் வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். வீட்டுக்கு முன்னால் மாவு மில். அரைத்துக்கொண்டிருந்தவரின் தலை, புருவம் எல்லாம் மாவு. மூக்கும் தாடையும் அப்படியே காளியம்மா.

அவள் தான் யாரென்று சொன்னாள். மலாக்கா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மோட்டாரை நிறுத்தினார். காத்திருந்த பெண்களிடம் அப்புறம் வரச் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டுடோக்," என்றார். உட்காரச் சொல்லும் மலாய்ச் சொல். சொன்னவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாதிரி ஒரு நொடி நின்றார். "அங்கத்து ஆள் யாராச்சும் வந்தா அப்படி வந்துருது."

தேவிஸ்ரீ உட்காரவில்லை. நின்றபடியே போனை எடுத்து முழுப் பேச்சையும் ஓட்டினாள். மாயாண்டி அசையாமல் பார்த்தார். கப்பல் ஏறிய கதை வந்தபோது அவர் வலது கை விரல்கள் தாமாக மடங்கின. எட்டிப் பார்க்கவில்லை என்ற இடம் வந்து போயிற்று. குத்தம் சொல்லப்படாது, விசா, தோடு எல்லாம் வந்தன.

"வெட்டினது நான்தான் அங்கிள்," என்றாள் தேவிஸ்ரீ. "அத்தை உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணும் நினைக்கல. அழுகையோட முடிஞ்சா நல்லா இருக்கும்னு நான்தான் வெட்டினேன். அத்தைகிட்ட கோவப்படாதீங்க. அவங்க போன் பக்கத்திலேயே உக்காந்திருக்காங்க."

மாயாண்டி போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். மில்லின் பெல்ட்டில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

"நீ வெட்டினியே, விசா கேட்டான், குடுக்கலைன்னு. அதுதாம்மா பொய்," என்றார். "அக்கா சொன்ன பொய் இல்ல. அக்காகிட்ட நான் சொன்ன பொய். நான் விசா கேட்கவே இல்ல."

தேவிஸ்ரீக்குப் புரியவில்லை.

"சிங்கப்பூர்ல ரெண்டு வருசம் கட்டட வேலை பாத்தேன். பொண்ணு சின்னப்புள்ளையா இருந்தப்ப. அங்கேருந்து மெர்லிமாவ் எவ்வளவு தூரம்?"

"பஸ்ல... ஒரு நாலு மணி நேரம், அங்கிள்."

"தெரியும். மலேசியாவுக்குப் போற ஜோகூர்ப் பாலத்தைப் பாத்துக்கிட்டே சிமெண்டு தூக்கினேன். ஊர்ல நிலம் வச்சு விவசாயம் பாக்கறேன்னு அக்காவுக்கு எழுதியிருந்தேன். பெரிய ஆளா நினைச்சுக்கிட்டிருந்தது அது. கூலிக்காரனா அது முன்னாடி போய் நிக்க வெக்கமா இருந்தது. அடுத்த மாசம் போவோம், நல்ல சட்டை எடுத்துக்கிட்டுப் போவோம்னு தள்ளித் தள்ளி, பெர்மிட் முடிஞ்சு திரும்பி வந்துட்டேன். வந்தப்புறம்தான் விசா கெடைக்கலைன்னு எழுதினேன். ரெண்டு தடவை எழுதினேன்." அவர் குரல் தாழ்ந்தது. "டீக்கடையில அவனுங்க கேட்டது அப்படியே குத்திடுச்சு. பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். அக்கா மேல எனக்கு என்ன கோவம். எந்த வாயால அதுகிட்டப் பேசறதுன்னுதான் எடுக்கல."

வந்த வழியெல்லாம் தேவிஸ்ரீ மன்னிப்புக் கேட்பதையே நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். தான் வெட்டியதால் உண்மைக்குக் கெடுதல் இல்லை என்று ஒரு நினைப்பு தலை தூக்கியது. அதைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் வெட்டும்போது அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வெட்டியது உண்மைக்காகவும் இல்லை.

"வெட்டினது நீதான்னு அக்காவுக்குத் தெரியுமா?" என்று மாயாண்டி கேட்டார்.

அவள் தலைகுனிந்தாள். "இல்ல. வேற ஆளுங்கன்னு சொல்லிட்டேன்."

"ம்." அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "எங்கிட்டச் சொல்றது சுலபம்மா. நான் உனக்கு யாரோ. அதுகிட்டப் போய்ச் சொல்லு. என்னுதை நான் சொல்லிக்கறேன். நீ முந்திக்காத."

கிளம்பும்போது அவர் மனைவி ஒரு பை நிறைய முறுக்கு கொடுத்தாள். மாயாண்டி மில்லை ஓடவிட்டு வாசல் வரை வந்தார். மோட்டார் சத்தத்தில் அவர் கடைசியாகச் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பிக் கேட்கவும் துணியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலமே அவள் மெர்லிமாவுக்குப் போனாள். காளியம்மா மறுபடி கடை போடத் தொடங்கியிருந்தாள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று சொன்னாளாம். ஊறவைத்த பருப்பை வடித்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரே தேவிஸ்ரீ தரையில் உட்கார்ந்தாள். தம்பியைப் பார்த்ததைச் சொன்னாள். நல்லா இருக்கிறார், மில்லில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார், உங்கள் மேல் கோபம் இல்லை, அவரே பேசுவார் என்றாள். காளியம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியோடு எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"அத்தை, அந்த வீடியோவை வெட்டினது கோலாலம்பூர் ஆளுங்க இல்ல. நான்தான்."

காளியம்மாவின் கை பருப்பில் நின்றது.

"ஏன்?"

"அழுதுகிட்டே முடிஞ்சா அனுமதி கெடைக்கும்னு."

"கெடைச்சிச்சி இல்ல?"

"கெடைச்சிச்சி."

காளியம்மா பருப்பை உரலில் கொட்டி, சுவிட்சைப் போட்டாள். அரைத்து முடிகிற வரைக்கும் பருப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். நிறுத்திவிட்டு மாவை வழித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டாம் தடவ அழச் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல. நம்ம புள்ளதானேன்னு அழுதேன்." கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் நான் கேட்டப்ப வேற ஆளு தலையில போட்ட பாரு, அதுதான் எனக்கு..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. "நீ கெளம்பு. மழ வர்ற மாதிரி இருக்கு."

மழை வருகிற மாதிரி இல்லை. தேவிஸ்ரீ கிளம்பினாள்.

பிறகு நடந்ததெல்லாம் அம்மா வழியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. மாயாண்டி போன் செய்தாராம். நீளமாகப் பேசினாராம். போனை வைத்த பிறகு காளி அக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். என்ன விஷயம் என்று ராஜம்மா கேட்டதற்கு, "அது எங்க வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டாளாம். அடுத்த வாரம் தம்பியோடு மறுபடி போனில் பேச்சு ஓடியது. தைப்பூசம் கழிந்து, கோயில் குழு ஒன்று தமிழ்நாட்டுக்குப் போனபோது காளியம்மாவும் பெயர் கொடுத்தாள். கோலாலம்பூர் வழியாகப் போகிற குழு. வேனில் மெர்லிமாவிலிருந்து சிப்பாங் வரைக்கும் முட்டியைத் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டே போனாளாம். "நீங்க வளத்த புள்ளயோட விமானம் இருக்கே, பக்கத்துல, பத்து பெரெண்டாம்ல" என்று யாரோ சொன்னதற்கு, இந்தக் குழுவோடு போனால் பேச்சுத்துணை இருக்கும் என்றாளாம்.

அன்று தேவிஸ்ரீ வேலையிலிருந்தாள். மதிய விமானம் கிளம்புவதற்கு முன் பயணிகளை எண்ணி அனுப்பும் இடத்தில் நின்றாள். அலுவலகத்தை விட்டு அங்கே மாற்றிக்கொடுக்கும்படி அவளே கேட்டிருந்தாள். மதுரைக்கும் விமானம் விட அனுமதி கேட்கப்போகிறோம், இன்னொரு ஆளைப் பிடித்து அதே மாதிரி ஒரு வீடியோ செய்வோம் என்று யுவனேஸ்வரன் சொன்ன அன்று கேட்டது. "நான் வேணும்னா மனுவை எழுதித் தர்றேன் சார். ஆளைப் புடிக்கிற வேலை வேணாம்," என்றாள். அவர் காரணம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "யாருக்கும் கெடுதல் நினைச்சு நீ செய்யலையே, தேவி," என்றார். ஆறுதலாகச் சொன்னார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. கெடுதல் நினைக்காமல்தான் செய்தாள். காளியம்மாவையே நினைக்காமல் செய்தாள்.

காளியம்மா திரும்பி வந்த செய்தி தெரிந்ததும் தேவிஸ்ரீ இரண்டு முறை மெர்லிமாவ் வரை போய், தெருவுக்குள் திரும்பாமல் அம்மா வீட்டோடு வந்துவிட்டாள். மூன்றாம் முறை பாசார் மாலாமில் நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். கூட்டம் இருந்தது. காளியம்மா நாற்காலியில் உட்கார்ந்து வடை திருப்பிக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள்.

"வா," என்றாள் காளியம்மா. "சாப்டியா?"

"இன்னும் இல்ல அத்தை. தம்பி எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கான். மண்டையெல்லாம் மாவு." சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சிங்கப்பூரு கதய உங்கிட்டயும் சொன்னானாமே. எங்கிட்டச் சொன்னப்ப ரெண்டு நாளு அவன்கூட நான் பேசல. அப்புறம் பேசினேன். என்னா செய்யறது, தம்பியாப் பொறந்துட்டான்." அவள் நான்கு வடையைத் தாளில் சுற்றினாள். "உங்கிட்டயும் பேசுவேன். இன்னும் கொஞ்ச நாளு ஆவட்டும். நீ வராம இருக்காத. ஆனா ஒண்ணும் கேக்காத."

தேவிஸ்ரீ சரி என்று தலையாட்டி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பின்னால் ஒரு மலாய்க் குடும்பம் வடை கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஓரமாக நகர்ந்து, கடைக்குப் பக்கத்தில், காளியம்மா திரும்பினால் தெரிகிற இடத்தில் நின்று சாப்பிட்டாள். காளியம்மா திரும்பவில்லை. கூட்டம் குறையும்வரை தேவிஸ்ரீ அங்கேயே நின்றிருந்தாள்.